மேலே போனவர்களும் டேவ் கோஸாவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வட கரோலினாவில் டர்ஹாமில் இருக்கிறோம். என் பத்து வயது மகனுக்கு டர்ஹாம் புல்ஸ் பேஸ்பால் அணி என்றால் பைத்தியம். அடிக்கடி ஆட்டத்துக்குப் போவோம். ஜூலையில் ஒருநாள் போனால் அவனுக்குப் பிடித்த பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, காணோம். டாம்பா பே அணி கூப்பிட்டுக்கொண்டதாம். நன்றாக ஆடுகிறவனையெல்லாம் நடு சீசனில் தூக்கிக்கொண்டு போனால் அப்புறம் கோப்பை எதற்கு என்று கேட்கிறான். நாங்கள் காசு கொடுத்துப் பார்ப்பது வெறும் பயிற்சி ஆட்டம்தானா? அடுத்த வருடமும் டிக்கெட் எடுக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பையன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். அணிக்கு உங்கள் ஊர்ப் பெயர் இருந்தாலும் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம், மேஜர் லீக் என்ற உச்ச லீகில் ஆடும் டாம்பா பேயிலிருந்து வருகிறது. யார் ஆடுவது, பிட்சர் எத்தனை பந்து வீசியதும் நிறுத்துவது என்பதெல்லாம் அவர்கள் கணக்கு. ஆட்டம் கையில் இருக்கும்போதே நன்றாக வீசிக்கொண்டிருப்பவரை வெளியே அழைப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். டர்ஹாம் ஜெயித்தால் அவர்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் மேலே ஒருவருக்குத் தோள் வலி என்றால் மறுநாள் காலை உங்கள் பிட்சர் விமானத்தில் இருப்பார்.

அவர் திரும்பி வரவும் கூடும். டர்ஹாம் ஆடுவது ட்ரிபிள் ஏ, மேஜர் லீகுக்கு ஒரே ஒரு படி கீழே. ஏறுவதும் இறங்குவதும் அங்கே அன்றாடம் நடக்கும். ஒருவரை ஒரே சீசனில் ஐந்து முறைக்கு மேல் கீழே அனுப்பக்கூடாது என்று 2022-இல் விதி போட்டார்கள். இப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்றால் அதற்கு முன் எப்படி அலைக்கழித்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சம்பளத்தையும் பையனுக்குச் சொல்லுங்கள். மேஜர் லீகுக்குக் கீழே உள்ள படிகளான மைனர் லீக் வீரர்களுக்கு 2023-இல்தான் முதல்முறையாகச் சங்க ஒப்பந்தம் கிடைத்தது. அதன்படி ட்ரிபிள் ஏயில் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 35,800 டாலர். அதே ஆண்டு மேஜர் லீகின் குறைந்தபட்சம் 7,20,000. அந்தப் பிட்சர் திரும்பி வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வதுதான் நியாயம்.

ஆனால் வெறும் பயிற்சியா என்று கேட்டீர்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1981 ஏப்ரல் 18, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை இரவு. உங்கள் டர்ஹாம் இன்று ஆடும் அதே இன்டர்நேஷனல் லீக். ரோட் ஐலண்டின் பாட்டக்கெட் அணியும் ராச்செஸ்டர் அணியும் மோதின. ஒன்பது இன்னிங்ஸில் (ஒரு இன்னிங்ஸ் என்றால் இரு அணியும் ஒருமுறை அடிப்பது) முடிய வேண்டிய ஆட்டம் 1-1 என்று சமமாகி நீண்டுகொண்டே போனது. 21-ஆவது இன்னிங்ஸில் ராச்செஸ்டர் ஒரு ரன் எடுத்தது. அப்பாடா, முடிந்தது என்று பார்த்தால் பாட்டக்கெட்டின் வேட் பாக்ஸ் பந்தை விளாசிச் சமன் செய்துவிட்டார். கடுங்குளிர். உடைந்த மட்டைகளை டிரம்மில் போட்டு எரித்துக் கை காய்ச்சினார்கள். இரவு 12:50-க்கு மேல் புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்ற விதி அந்த வருடம் நடுவர்கள் கையிலிருந்த புத்தகத்தில் விடுபட்டிருந்தது. லீகின் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து ஆட்டத்தை நிறுத்தும்போது 32 இன்னிங்ஸ் ஆகி, மணி விடிகாலை நான்கைத் தாண்டியிருந்தது. அரங்கில் எஞ்சியிருந்தவர்கள் 19 பேர்.

ராச்செஸ்டரின் டாலஸ் வில்லியம்ஸ் அந்த ஆட்டத்தில் 13 முறை அடிக்க வந்து ஒரு ஹிட்கூட, அதாவது அடித்துவிட்டுப் பத்திரமாக ஓடிச் சேரும் அடிகூட, எடுக்கவில்லை. ஏப்ரல் மாதத்து லீக் ஆட்டம் ஒன்றுக்காக விடிய விடிய நின்றார்கள். சும்மா அடித்து அவுட் ஆகிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே? ஒருவரும் அப்படிச் செய்யவில்லை. கோப்பை யாருக்கு என்பது அங்கே பெரிய விஷயமாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் எதிரே வரும் பந்து பெரிய விஷயம். அதைப் பார்க்கத்தான் நான் மைனர் லீகுக்கே போவேன்.

மிச்சத்தை ஜூன் 23 அன்று ஆடினார்கள். அப்போது மேஜர் லீக் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் கூட்டம் அலைமோதியது, நிருபர்கள் படையாக வந்தார்கள். 18 நிமிடத்தில் கதை முடிந்தது. 33-ஆவது இன்னிங்ஸில் பாட்டக்கெட்டின் டேவ் கோஸா அடித்த அடியில் 3-2.

அன்று ராச்செஸ்டருக்கு ஆடியவர்களில் ஒருவர் கால் ரிப்கன். இருபது வயது. ஆகஸ்ட் பிறந்ததும் ராச்செஸ்டருக்கு மேலே இருந்த மேஜர் லீக் அணியான பால்டிமோர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. ராச்செஸ்டரில் எத்தனை பையன்கள் உங்கள் மகனைப் போலவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்களோ! பின்னாளில் அவர் தொடர்ச்சியாக 2,632 மேஜர் லீக் ஆட்டங்கள் ஆடினார். பாக்ஸும் அடுத்த ஆண்டு மேலே போனார். இருவரும் இன்று பேஸ்பாலின் மாபெரும் வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். ஆட்டத்தை முடித்துவைத்த கோஸாவுக்குத்தான் அழைப்பு வரவே இல்லை. பாட்டக்கெட்டில் பல சீசன் ஆடி, மேஜர் லீகில் ஒரு பந்தையும் சந்திக்காமல் ஓய்வுபெற்றார். டர்ஹாமிலும் அப்படி ஒருவர் இருப்பார். முப்பதை நெருங்குகிற, வருடா வருடம் அங்கேயே இருக்கிற ஒருவர். பையன் அடுத்து அவரைக் கவனிக்கட்டும். அவரை நடுவில் யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். போனாலும் ஊரே கொண்டாடலாம்.

டிக்கெட் தாராளமாக எடுங்கள். ஒரே எதிரணி செவ்வாய் முதல் ஞாயிறு வரை உங்கள் ஊரிலேயே தங்கி ஆறு ஆட்டம் ஆடுவதுதான் இப்போது வழக்கம். வாரத்துக்கு ஒன்று என்று பிரித்துப் போவதைவிட, ஒரே வாரத்தின் செவ்வாய்க்கும் ஞாயிறுக்கும் போய்ப் பாருங்கள். செவ்வாயன்று தொடங்கிய பிட்சரே சில சமயம் ஞாயிறன்றும் வருவார், எதிரே அதே மட்டைக்காரர்கள். செவ்வாயன்று திணறியவர் ஞாயிறன்று எந்தப் பந்தை அடிக்காமல் விடுகிறார் என்று பையனைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.