கொழும்பில் ஓர் அறைக்குள் வொம்பிள்ஸ் மாதிரி ஒரு தொடர் எடுக்கலாமா?

கேள்வி: வொம்பிள்ஸ் போல, குப்பை பொறுக்கி ஊருக்கு உதவும் காட்டுப் பிராணிகளை வைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்டாப் மோஷன் தொடர் (பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, ஒவ்வொரு படமாக எடுத்து ஓடவிடுவது) தமிழில் எடுக்க ஆசை. கொழும்பில் ஓர் அறையும் ஒரு போனும்தான் இருக்கின்றன. முடியுமா?

தாராளமாக முடியும். முதலில் அந்தத் தொடரிடமே ஒரு பாடம் படியுங்கள். 1973இல் பிபிசியில் வந்தது. எலிசபெத் பெரஸ்ஃபோர்டின் கதைகள், ஐவர் வுட்டின் பொம்மைகள், ஒரு பாகம் 5 நிமிடம். அந்தப் பிராணிகள் வாயைத் திறந்து கதைப்பதே இல்லை. பெர்னார்ட் கிரிபின்ஸ் ஒருவரே கதையும் சொல்லி, எல்லாருக்கும் குரலும் கொடுத்தார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வாயசைவை விட்டால் பாதி வேலை குறையும். மிஞ்சும் உழைப்பு முழுவதும் நடைக்கும் தலைத் திருப்பத்துக்கும் போகட்டும். குரலை முதலில் பதிவு செய்து, எந்தச் சொல் எத்தனையாவது நொடியில் வருகிறது என்று கடதாசியில் எழுதிய பிறகே பொம்மையைத் தொடுங்கள்.

நொடிக்கு 12 படம் போதும். நிமிடத்துக்கு 720, ஐந்து நிமிடத்துக்கு 3600. இத்தனை படத்திலும் காக்க வேண்டிய சட்டம் ஒன்றுதான்: நீங்கள் அசைக்காத எதுவும் அசையக் கூடாது. கெட்டுப்போகும் படங்களில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்தில்தான் கெடுகின்றன.

பிராணியைத் தெரிவு செய்வதிலேயே இது தொடங்குகிறது. முள்ளம்பன்றி வேண்டாம், ஒரு முள்ளில் விரல் பட்டால் பத்து முள் ஆடும். அழுங்கு மிக நல்லது, செதில் வைத்த இடத்தில் நிற்கும். கொழும்பின் சதுப்பு நிலங்களில் இன்றும் திரியும் மீன்பிடிப் பூனையும் நல்லது, ஆனால் 5 மில்லிமீற்றருக்கு மேல் மயிர் நீளாத துணியாக எடுங்கள். கெய்சர் வீதித் துணிக்கடைகளில் தேடலாம். நீளமான மயிரில் ஒவ்வொரு தடவையும் விரல் பட்ட தடம் மாறும். ஓடவிட்டுப் பார்த்தால் உடம்பு முழுக்க எறும்பு ஊர்வது போலிருக்கும். துணியைக் கத்தரிக்கோலால் வெட்டாமல், திருப்பிப் போட்டு சவர பிளேடால் அடித்துணியை மட்டும் கீறுங்கள், மயிர் முழுதாக மிஞ்சும். தைத்த பிறகு பைண்டர் கம் (வெள்ளைப் பசை) ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு கலந்து, பழைய பல்துலக்கியால் ஒரே பக்கமாக வாரிக் காயவிடுங்கள். படம் எடுக்கும்போது கமெராவுக்குத் தெரியாத பக்கத்தில் மட்டும் பிடியுங்கள்.

உள்ளே இருக்கும் எலும்புக்கு அலுமினியக் கம்பிதான். இரும்புக் கம்பி வளைத்த இடத்திலிருந்து கொஞ்சம் திரும்பி வரும். செம்பு வளைக்க வளைக்க இறுகி ஒடியும். 20 சென்ரிமீற்றர் உயரப் பொம்மைக்குக் காலுக்கு 2 மில்லிமீற்றர், கைக்கு 1.5 மில்லிமீற்றர், இரண்டிரண்டு இழையாகத் தளர்வாக முறுக்குங்கள். இறுக்கி முறுக்கினால் கம்பி வேலைக்கு வருமுன்பே களைத்துவிடும். மூட்டுகளில் ஒரு சென்ரிமீற்றர் விட்டு, மற்ற இடத்தில் எபொக்சி புட்டி (பிசைந்து பூசினால் கல்லாக இறுகும் பசை) பூசுங்கள். அலுமினியமும் ஒருநாள் முறியத்தான் செய்யும், அநேகமாகக் கணுக்காலில். அதனால் கால் கம்பியை இடுப்பில் ஒட்டிவிடாமல் ஒரு சின்னப் பித்தளைக் குழாய்க்குள் செருகி வையுங்கள். முறிந்ததை உருவிப் புதியதைப் போடலாம்.

அடுத்தது பாதம். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒவ்வொரு பாதத்துக்குள்ளும் ஓர் எம்3 நட்டை (3 மில்லிமீற்றர் திருகாணிக்கு உரியது) புட்டியில் புதையுங்கள். தரைக்கு 9 மில்லிமீற்றர் பிளைவூட். காலடி விழும் இடமெல்லாம் 3.5 மில்லிமீற்றர் துளை. கீழிருந்து 16 மில்லிமீற்றர் நீளத் திருகாணியால் முடுக்கினால் பொம்மை ஒற்றைக் காலிலும் நிற்கும். ஓர் அடிக்கு 6 படம் என்றால் சாதாரண நடை, 8 என்றால் குண்டுப் பிராணியின் ஆடி அசையும் நடை. தூக்கும் காலின் திருகாணியைக் கழற்றுமுன் ஊன்றும் காலினதை முடுக்க மறக்காதீர்கள். நட்டு, திருகாணி, கம்பி எல்லாம் பழைய சோனகத் தெருவில் ஒரே நடையில் கிடைக்கும்.

மரமும் பாறையும் ரெஜிபோமில் (பொதி கட்டும் வெள்ளை நுரை அட்டை) செதுக்கலாம். சூட்டுப் பசை அதை உருக்கிவிடும், பைண்டர் கம் பாவியுங்கள். பின்னணியைக் கடதாசியில் வரையாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் மாலையில் நேராக நின்ற கடதாசி காலையில் வயிறு தள்ளி நிற்கும். ஹார்ட்போர்டில் வரையுங்கள், தொடங்கிய ஷொட்டை அன்றைக்கே முடியுங்கள். பிளாஸ்ரிசின் கண்ணிமை வெக்கைக்கு இளகும் என்று குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், வெளியே எடுத்ததும் வியர்க்கும். இமையைக் கனமான துணியில் வெட்டி, திறந்தது, பாதி, மூடியது என மூன்று சோடி வைத்து மாற்றுவதே மேல். மின்விசிறி நிற்கட்டும், புழுக்கமாக இருந்தால் ஷொட்டுக்கும் ஷொட்டுக்கும் இடையில் போடுங்கள், நடுவில் வேண்டாம்.

வெளிச்சம்: யன்னலைக் கறுப்புத் துணியால் முழுக்க மூடுங்கள். ஒரு மேகம் கடந்தாலே படம் மின்னும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவான எல்ஈடி பல்ப் அதோடு சேர்ந்து துடிக்கும். அசையாத பொம்மைதானே, ஷட்டரை 1/5 நொடிக்கு இறக்கி ஐஎஸ்ஓவை (கமெராவின் ஒளி உணர்திறன்) 100இல் வையுங்கள், துடிப்பு சராசரியாகி மறையும். குவியம், வெள்ளைச் சமநிலை, வெளிச்ச அளவு மூன்றையும் பூட்டுங்கள். வெள்ளைச் சேர்ட் போடாதீர்கள். நீங்கள் நகர்ந்தால் சேர்ட்டின் வெளிச்சம் பொம்மையின் முகத்தில் நகரும்.

போன் விமானப் பயன்முறையில் இருக்கட்டும். ஓர் அழைப்பு அதிர்ந்தால் சட்டகம் தள்ளிப்போய்விடும். புளூடூத்தை மட்டும் திரும்பப் போட்டு, திரையைத் தொடாமல் புளூடூத் ரிமோட்டால் எடுங்கள். முக்காலியின் கால்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ செயலியில் முந்திய படம் மங்கலாகத் தெரியும் வசதி உண்டு. பொம்மை கைதவறி விழுந்தால் பழைய இடத்தில் நிறுத்த அதுதான் துணை.

முதல் முயற்சிக்கு 5 நிமிடப் பாகம் வேண்டாம். பூனை நடந்து வருகிறது, ஒரு போத்தல் மூடியைப் பார்க்கிறது, எடுக்கிறது. 20 நொடி, 240 படம். மூடிக்கு அடியிலும் புளூ டாக் (ஒட்டி, பிறகு உரித்தெடுக்கக்கூடிய களி) ஒரு துளி வையுங்கள்.