போன் வந்தும் சாகாத கையடக்க கன்சோல்

கேள்வி: எல்லார் கையிலும் போன் இருக்கிறது, கேமும் இலவசமாகக் கிடைக்கிறது. அப்புறம் யார் காசு கொடுத்து, கேம் ஆடுவதற்கென்றே இருக்கும் கையடக்கக் கருவியான கன்சோலைத் தனியாக வாங்குகிறார்கள்?

பதில்: கோடிக்கணக்கான பேர் வாங்குகிறார்கள். ஆனால் போன் கொடுத்த அடி நிஜம்தான். போன் கேம்கள் பரவுவதற்கு முன் வந்த, நின்டெண்டோ நிறுவனத்தின் டிஎஸ் கன்சோல் சுமார் 15.4 கோடி விற்றது, அடுத்து வந்த 3டிஎஸ் அதில் பாதியைத்தான் தொட்டது. 2011 பிப்ரவரியில் ஜப்பானில் 25,000 யென்னுக்கு வந்ததை ஆகஸ்டிலேயே 15,000-க்கு இறக்க வேண்டியதாயிற்று. அதே வருடக் கடைசியில் வந்த சோனியின் கையடக்க கன்சோலான வீட்டா எழுந்திருக்கவே இல்லை, 2019-ல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள்.

சரி, 2017-ல் வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோல் எப்படி 15 கோடியைத் தாண்டியது? கையிலும் ஆடலாம், டிவியிலும் மாட்டலாம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரியது, நின்டெண்டோவின் பிரபல கேம்களான மரியோவும் செல்டாவும் முழு கேமாக வேறெங்கும் கிடைக்காது என்பது. மொத்த வருமானத்தில் போன் கேம்கள்தான் எங்கேயோ மேலே இருக்கின்றன, ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி கேமுக்குள்ளேயே காசு கொடுத்துத் திரும்பத் திரும்ப எதையாவது வாங்கும் கொஞ்சம் பேரிடமிருந்து வருகிறது, அதனால் ஆட்டத்தையே அவர்கள் பர்ஸுக்கு ஏற்றபடி வளைக்கிறார்கள். ஒரே தடவை காசு கொடுத்துவிட்டு, நடுவில் விளம்பரம் வராமல், நிஜ பட்டனை அழுத்தி ஆட நினைப்பவருக்கு என் ஓட்டு இன்னும் கன்சோலுக்குத்தான்.