மின்கார், குறையும் கிலோமீட்டர் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் தோட்டக் கதைகளைப் படித்துவிட்டு எழுத வேண்டும் என்று பல தடவை நினைத்ததுண்டு. இன்று எழுதுவது கதையைப் பற்றி அல்ல, மன்னிக்கவும். செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக (மின்சாதனப் பொறுப்பாளராக) இருந்தவர், மூன்று வருடமாக மின்கார் ஓட்டுகிறவர் என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

பத்து மாதத்துக்கு முன் புது மின்கார் எடுத்தேன். 60 கிலோவாட் மணி, அதாவது 60 யூனிட் பேட்டரி, எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை. எடுத்த அன்று முழு சார்ஜில் 400 கிலோமீட்டர் காட்டியது. நாலு மாதம் அப்படியேதான் இருந்தது. அப்புறம் இறங்க ஆரம்பித்தது. யூடியூபில் பார்த்துவிட்டு நான் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் போடுவதில்லை. அதில் காட்டுவதை வைத்துக் கணக்குப் போட்டால் 385, 370 என்று வந்தது. போன வாரம் சோதித்துவிடலாம் என்று முழுதாகப் போட்டேன். 342! சர்வீஸ் சென்டரில் கேட்டால் "நார்மல்தான்" என்ற ஒரு வார்த்தையோடு அனுப்பிவிட்டார்கள். பீடோரில் ஒட்டுக்கடைக்குப் போனால், "ஹேண்ட்ஃபோன் பேட்டரி மாதிரிதான்யா, ரெண்டு வருஷம் தாங்கும்" என்கிறார்கள்.

அன்று முழு சார்ஜிலிருந்து 25 சதவீதம் வரும்வரை ஓட்டினேன். 262 கிலோமீட்டர் வந்தது. சராசரிச் செலவு 100 கிலோமீட்டருக்கு 16.8 யூனிட் என்று திரை சொன்னது. திரும்ப வீட்டில் முழுதாகப் போட்டபோது மீட்டரில் 50 யூனிட் ஓடியிருந்தது. மீதி எங்கே போகிறது?

விடுமுறையில் கேமரன் மலைக்குப் போனோம். தாப்பாவிலிருந்து தானா ராத்தா 60 கிலோமீட்டர்தான், திரையில் 110 கிலோமீட்டரைத் தின்றுவிட்டது. ஆறு மாதமாக வேலையும் ஈப்போவுக்கு மாற்றலாகிவிட்டது, தினமும் போகவர ஹைவேயில் 120 கிலோமீட்டர். பயத்தில் ஏர்கானை அணைத்துவிடுகிறேன். பழைய பெட்ரோல் கார் மைவியை விற்றிருக்கவே கூடாது என்கிறாள் மனைவி. பேங்க் லோன் ஒன்பது வருடம், பேட்டரி வாரண்டி எட்டு வருடம். ராத்திரியில் இதுதான் ஓடுகிறது.

அன்புடன்,
ஆர்., பீடோர், மலேசியா

*

அன்புள்ள தம்பி ஆர்.,

காரின் பெயரையும் சர்வீஸ் சென்டரின் பெயரையும் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் நீங்கள் எழுதியபடி.

உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 262 கிலோமீட்டர், நூற்றுக்கு 16.8. ஆக, பேட்டரியிலிருந்து இறங்கியது 44 யூனிட். அது 75 சதவீதம் என்றால் முழுப் பேட்டரி 58.7 யூனிட். புதிதில் 60. குறைந்திருப்பது ஒன்றேகால் யூனிட் சொச்சம், சதவீதத்தில் இரண்டே சொச்சம். திரையில் குறைந்ததோ 14 சதவீதத்துக்கு மேல். ஒரு தடவை ஓட்டிப் பார்த்த கணக்கு இது, ஒன்றிரண்டு சதவீதம் அங்கே இங்கே இருக்கலாம். ஆனால் 14 இல்லை. பேட்டரி இருக்கிறது தம்பி. கிலோமீட்டர்தான் காணாமல் போயிருக்கிறது.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். பதினொரு மணி வாக்கில் காண்டாவில் (தோள்கம்பில்) தொங்கும் இரண்டு வாளிப் பாலோடு ஸ்டோரில் வரிசை நிற்கும். கிராணி (தோட்டக் கணக்கர்) முதலில் வாளியின் அளவைப் பார்ப்பார். அதோடு விடமாட்டார். பாலைக் கொஞ்சம் எடுத்து, மெட்ரோலாக் என்ற மிதவையை அதில் விடுவார். பால் தண்ணியாக இருந்தால் மிதவை மேலே நிற்கும். கெட்டிப் பாலில் கீழே இறங்கும். ரப்பர் தண்ணீரைவிட லேசு, அதனால். அந்தக் கோட்டைப் பார்த்து, இவ்வளவு பாலில் காய்ந்த ரப்பர் இவ்வளவு என்று எழுதுவார். கூலி அந்தக் கணக்குக்குத்தான். மழை பிடித்த நாளில் வாளி நிறைந்திருக்கும், அம்மாவின் முகம் நிறையாது. மிதவை எங்கே நிற்கும் என்று அவருக்கு ஸ்டோருக்கு வருமுன்பே தெரியும்.

திரையில் தெரியும் கிலோமீட்டர் வாளியின் அளவு. யூனிட்தான் காய்ந்த ரப்பர். நீங்கள் பத்து மாதமாக வாளியையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, வாளி ஏன் குறைந்தது? கேமரன் மலையைப் பற்றி எழுதிவிட்டு, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ஆறு மாதமாக ஈப்போவுக்கு மாற்றல் என்று. திரை இறங்க ஆரம்பித்ததும் ஆறு மாதமாகத்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லையா? முதல் நாலு மாதம் பீடோருக்குள்ளும் பழைய சாலையிலும் அறுபது எழுபதில் ஓட்டியிருப்பீர்கள். இப்போது ஹைவேயில் 110. காற்றின் தடை வேகத்தோடு சமமாக ஏறாது, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 80-லிருந்து 110-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. காற்றின் தடை 1.9 மடங்கு. உங்கள் காரின் கணிப்பு அண்மையில் ஓட்டிய விதத்தை வைத்துத்தான் வருகிறது என்பதற்கும் உங்கள் எண்களே சாட்சி. 58.7-ஐ 16.8-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 349. திரை 342 என்கிறது. புதிதில் காட்டிய 400 என்பது நூற்றுக்கு 15 யூனிட் என்ற கணக்கு. அதாவது பீடோர் டவுன் கணக்கு.

மைவியிலும் இதே கதைதான். ஹைவேயில் அதுவும் கூடுதலாகக் குடித்தது. பெட்ரோல் முள் நம்மிடம் கிலோமீட்டர் பேசவில்லை, அதனால் நாமும் கேட்டுக்கொள்ளவில்லை.

விற்கும்போது சொல்லும் கிலோமீட்டரிலும் இந்த விளையாட்டு உண்டு. வேறு நிறுவனத்துக் கார் ஒன்றை உதாரணமாகச் சொல்கிறேன். 2022 டிசம்பரில் இங்கே அறிமுகமான பிஒய்டி அட்டோ 3 (Atto 3), பெரிய பேட்டரி வகைக்கு இரண்டு சோதனை முறைகளில் இரண்டு எண்கள்: என்இடிசி முறையில் 480, டபிள்யூஎல்டிபி முறையில் 420. ஒரே கார், ஒரே பேட்டரி. என்இடிசி பழைய சோதனை, சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர் போல. அந்த வேகத்தில் ஈப்போவுக்குப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் அலுவலகம் சேரலாம். டபிள்யூஎல்டிபி 2017-இலிருந்து ஐரோப்பாவில் வந்தது, கொஞ்சம் நேர்மையானது. அதன் சராசரியும் 46 அளவில்தான். நம் ஹைவேக்கு இரண்டுமே பொருந்தாது.

அடுத்தது அந்த 80 சதவீதம். இதில்தான் உங்கள்மேல் எனக்கு லேசாகக் கோபம். யாரோ வேறு வகைப் பேட்டரிக்குச் சொன்ன பத்தியத்தை நீங்கள் பிடித்திருக்கிறீர்கள். நிக்கல் கலந்த பேட்டரிக்கு அன்றாடம் 80-இல் நிறுத்துவது நல்லதுதான். உங்களுடையது எல்எஃப்பி, இரும்பு பாஸ்பேட். வீட்டில் கேஸ் தோங் (சிலிண்டர்) இருக்கிறதல்லவா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தம் ஏறக்குறைய ஒரே மாதிரி. பாதி தோங்கிலும் அடுப்பு அப்படியே எரியும், கால் தோங்கிலும் எரியும், பிறகு சாம்பார் கொதிக்கும்போது பொசுக்கென்று அணையும். எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் தூக்கிப் பார்க்க வேண்டும். எல்எஃப்பி பேட்டரியின் வோல்டேஜும் அப்படித்தான். நடுவில் நெடுந்தூரத்துக்கு ஏறாமல் இறங்காமல் தட்டையாகக் கிடக்கும். வோல்டேஜை மட்டும் பார்த்து 50 சதவீதமா 65-ஆ என்று காரின் கம்ப்யூட்டரால் சொல்ல முடியாது. உள்ளே போனது, வெளியே வந்தது என்று கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கில் சிறுசிறு பிழை சேரும். முழுதாக நிரம்பும்போதுதான் வோல்டேஜ் சட்டென்று ஏறும்; அப்போதுதான் கணக்கைச் சரிபார்க்கும். நீங்கள் மாதக்கணக்கில் அதற்கு அந்த வாய்ப்பையே கொடுக்கவில்லை. 385, 370 என்று நீங்கள் கணக்குப் போட்டதில் இந்தப் பிழைக்கும் பங்கு இருக்கும்.

உங்கள் காரின் கையேட்டைத் திறந்து பாருங்கள். எல்எஃப்பி கார்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது முழுதாகப் போடச் சொல்லியிருப்பது வழக்கம். ஞாயிறு இரவு போட்டு, திங்கள் காலையில் நீங்கள் கிளம்பும் நேரத்துக்கு நிரம்பும்படி வையுங்கள். நிரப்பிவிட்டு இரண்டு நாள் வெயிலில் நிறுத்தாதீர்கள். ஐரோப்பியர்கள் வீடியோ வீடியோவாகப் புலம்பும் பனிக்காலம் நமக்கு இல்லை. நம் ஊரில் பேட்டரிக்கு ஆகாதது சூடும் நிறைந்த வயிறும் சேர்ந்து இருப்பது. ஈப்போ அலுவலகத்தில் நிழல் கிடைத்தால் நிழலில் நிறுத்துங்கள்.

50 யூனிட் எங்கே போனது என்று கேட்டிருந்தீர்கள். பேட்டரிக்குள் 44 போய்ச் சேர வீட்டு மீட்டரில் 50 ஓடுவது சகஜம். வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தைப் பேட்டரிக்கு வேண்டிய டிசியாக மாற்றும்போது சூடாகப் போவது, சார்ஜ் ஏறும் நேரமெல்லாம் காரின் கம்ப்யூட்டர் விழித்திருப்பது. நஷ்டம்தான், ஆனால் திருட்டு இல்லை.

கேமரன் மலைக்கு வருவோம். நீங்கள், மனைவி, பிள்ளைகள், பைகள் எல்லாம் சேர்ந்து கார் இரண்டு டன் என்று வைத்துக்கொள்வோம். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏழரை யூனிட் வேண்டும். 60 கிலோமீட்டர் ஓட்டும் செலவு எட்டரை, ஒன்பது. மொத்தம் 16 சொச்சம். உங்கள் திரையின் பழைய கணக்கில் அதுதான் 110 கிலோமீட்டர். கார் ஒரு யூனிட்கூடக் கூடுதலாகத் தின்னவில்லை. இறங்கும்போது என்ன ஆனது என்று எழுதவே இல்லையே. ரிங்லெட் தாண்டி வளைவு வளைவாக இறங்குகையில் மோட்டாரே கரண்டை உண்டாக்கிச் சதவீதம் ஏறியிருக்குமே. கஷ்டம் மட்டும்தான் நமக்கு நினைவில் நிற்கும் போலிருக்கிறது.

நான் செய்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை போனபோது மலையில் தங்கிய இடத்திலேயே 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு பெருமையாக இறங்கினேன். முதல் இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் வழக்கம்போல் பிடிக்கவில்லை, நழுவிக்கொண்டே போனது. நிறைந்த பேட்டரிக்குள் திரும்ப வரும் கரண்டை எங்கே வைப்பது? பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினேன். மலையில் சார்ஜ் போட்டால் 80-இல் நிறுத்துங்கள். உங்களுக்குப் பிடித்த 80-க்கு அதுதான் சரியான இடம்.

ஒட்டுக்கடை ஹேண்ட்ஃபோன் கணக்கு தப்பு. ஃபோன் தினமும் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று (நிரம்பிக் காலியாவது) போகிறது. உங்கள் கார் ஒரு சுற்றுக்கு 350 கிலோமீட்டர் ஓடுகிறது. நீங்கள் ஓட்டும் 120-க்கு மூன்று வேலை நாளுக்கு ஒரு சுற்று. வீட்டு ஓட்டமும் சேர்த்து வருடத்துக்கு 85 போல. எல்எஃப்பி ஆயிரக்கணக்கில் தாங்கும். எந்தப் பேட்டரியும் முதல் வருடத்தில் கொஞ்சம் வேகமாகக் குறையும், பிறகு நிதானத்துக்கு வரும். உங்களுடைய இரண்டு சதவீதம் அந்த வகை.

ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாரண்டித் தாளை எடுத்துப் பாருங்கள். எட்டு வருடம் என்பதற்குப் பக்கத்தில் கிலோமீட்டர் எழுதியிருக்கும். பெரும்பாலும் 1,60,000, எது முதலில் வருகிறதோ அது. வேலைக்குப் போகவரவே வருடத்துக்கு 28,000 தாண்டும், வீட்டு ஓட்டம் சேர்ந்தால் 30,000. ஐந்தேகால் வருடத்தில் வாரண்டி முடிந்துவிடும். லோன் அப்போதும் மூன்றரை வருடம் போல பாக்கி இருக்கும். அதுவும், வழக்கமாக 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பேசுவார்கள். அந்த 70 பேட்டரியின் கொள்ளளவு. திரையின் கிலோமீட்டரைக் காட்டி அங்கே ஒன்றும் கேட்க முடியாது. ஆகவே அடுத்த சர்வீஸில் "ரேஞ்ச் குறைந்துவிட்டது" என்று ஆரம்பிக்காதீர்கள். பேட்டரியின் நலம் எத்தனை சதவீதம் என்று கருவியில் பார்த்து, எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் சொன்ன "நார்மல்" தப்பில்லை, ஆனால் அதை எண்ணாகச் சொல்ல வேண்டியது அவர்கள் வேலை. வருடத்துக்கு ஒரு தாள், ஒரே ஃபைலில். டயர் காற்றையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

ஏர்கானைப் போடுங்கள். குளிர்ந்த பிறகு மணிக்கு ஒரு யூனிட் போலத்தான் இழுக்கும், அது ஆறு கிலோமீட்டர். அதற்காகவா பிள்ளைகளை வேகவைப்பது?

ஒரு வாரம் மட்டும் ஹைவேயை விட்டுவிட்டு, தாப்பா, தெமோ, கம்பார், கோப்பெங் என்று பழைய சாலையில் ஈப்போவுக்குப் போய்ப் பாருங்கள். அரைமணி முன்னால் கிளம்ப வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை திரை என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். 16.8 எவ்வளவாக இறங்கியது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள், எனக்கு அந்த எண்தான் வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்
சுங்கை சிப்புட்