காலை உணவுக்கு மாட்சா: எந்த டின்னை வாங்குவது?

ஜப்பானின் மாட்சா பச்சைத் தேயிலைப் பொடியைக் காலை உணவில் சேர்ப்பது பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். பணமும் உடம்பும் சம்பந்தப்பட்ட கேள்விகளை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஓட்ஸிலும் ஸ்மூத்தியிலும் கலக்க மாட்சா வாங்கலாம் என்று ஆன்லைனில் தேடினேன். எல்லாமே 30 கிராம் டின்தான். ஒன்று சில நூறு ரூபாய், இன்னொன்று இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது. விலை கூடியதில் ‘செரிமோனியல் கிரேடு’ என்று போட்டிருக்கிறார்கள். அதைத்தான் வாங்க வேண்டுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஓட்ஸில் கலக்கத்தான் என்றால் வேண்டாம். ‘செரிமோனியல் கிரேடு’, அதாவது தேநீர்ச் சடங்குக்கான தரம் என்பது ஜப்பானியச் சட்டம் வகுத்தது இல்லை. வெளிநாட்டுச் சந்தைக்காக விற்பவர்கள் வைத்துக்கொண்ட பெயர் அது. சோதித்துப் பார்த்து முத்திரை குத்தும் அமைப்பு எதுவும் அதற்குப் பின்னால் கிடையாது. நல்ல பொடியிலும் அந்தப் பெயர் இருக்கும், சுமாரான பொடியிலும் இருக்கும்.

ஆனாலும் நல்ல மாட்சாவின் விலைக்குக் காரணம் உண்டு. பறிப்பதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பே தேயிலைச் செடிகளுக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுவார்கள். நிழலில் நிற்கும் இலையில் பச்சையம் கூடும். நாக்கில் இனிப்பும் சாறுமாக நிற்கிற சுவைக்குக் காரணமான தியானின் என்ற அமினோ அமிலமும் குறையாமல் தங்கும். பறித்த இலையை உடனே ஆவியில் காட்டி, சுருட்டாமல் உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்குவார்கள். இந்த நிலையில் அதன் பெயர் தென்சா. தென்சாவைக் கல் திருகையில் அரைத்தால்தான் மாட்சா. சூடேறாமல் மெதுவாகச் சுற்ற வேண்டும் என்பதால், ஒரு திருகையில் ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 40 கிராம்தான் விழும். நீங்கள் பார்த்த டின், ஒரு திருகையின் ஏறக்குறைய ஒரு மணி நேர உழைப்பு.

அந்த உழைப்பை ருசிக்க வேண்டுமானால் வெந்நீரில் அடித்து அப்படியே குடிக்க வேண்டும். வாழைப்பழமும் தேனும் பாலும் சேர்ந்துவிட்டால் அந்த நுட்பமான சுவை அமுங்கிப் போகும். கொஞ்சம் கசப்பு தூக்கலாக இருக்கும் ‘குலினரி’ வகைதான் பாலையும் ஓட்ஸையும் மீறித் தெரியும். ஆகவே நடுத்தர விலையில் ஒரு சமையல் வகை டின் போதும். முதல் தடவை 30 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். ஒரு தட்டையான டீஸ்பூன் சுமார் 2 கிராம், அரை டீஸ்பூன் வீதம் போட்டால் ஒரு டின் ஒரு மாதம் வரும்.

தேர்ந்தெடுக்கும்போது கிரேடு பெயரை விட்டுவிட்டு மூன்றைப் பாருங்கள். முதலாவது, ஊர். கியோட்டோ பக்கத்து உஜி, ஐச்சி மாநிலத்து நிஷியோ, தெற்கே ககோஷிமா என்று விளைந்த இடத்தைச் சொல்கிற நிறுவனம் எதையோ பொறுப்பேற்கிறது. ‘ஜப்பானியப் பாரம்பரியம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஊர் ஆகாது. சீனத்தின் குய்சோ மாநிலத்திலும் இன்று மாட்சா பெருமளவில் தயாராகிறது. அது போலி அல்ல, ஸ்மூத்திக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் அதை ஜப்பான் விலைக்கு வாங்கக் கூடாது. இரண்டாவது, தேதி. இந்தப் பொடி பழசாகப் பழசாக மஞ்சளிக்கும், வைக்கோல் வாசனை வரும். ஓராண்டுக்கு முன் அடைத்ததைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால் ஏன் தருகிறார்கள் என்று யோசியுங்கள். மூன்றாவது, ஒரு கிராம் என்ன விலை என்ற கணக்கு. டின்னின் அளவு கண்ணை ஏமாற்றும், இந்தக் கணக்கு ஏமாற்றாது.

விலை ஏற்றம் உங்கள் கற்பனையும் அல்ல. உலகெங்கும் தேவை திடீரென்று கூடியதால், 2024 இலையுதிர் காலத்தில் கியோட்டோவின் பழைய தேயிலைக் கடைகளான இப்போடோ, மாருக்யு கோயாமாஎன் ஆகிய இரண்டும் ஒருவருக்கு இவ்வளவுதான் என்று விற்பனைக்குக் கட்டுப்பாடு வைத்தன. சரக்கு தட்டுப்படும் காலத்தில்தான் கலப்படமும் பொய்ப் பெயரும் பெருகும், அதனால் இப்போது கூடுதல் கவனம் தேவை.

கேள்வி: 200 கிராம் ‘மாட்சா லாட்டே’ பாக்கெட் மிக மலிவாகக் கிடைத்தது. பாலில் போட்டால் சுவையாகத்தான் இருக்கிறது. பிறகு எதற்கு டின்?
– வாசகர், திருச்சி

பதில்: பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது இந்திய உணவு லேபிள் விதி. இப்படிப்பட்ட கலவைகளில் பெரும்பாலும் சர்க்கரை முதலிலும், பால் பவுடரோ கிரீமரோ அடுத்தும், மாட்சா கடைசிப் பக்கமும் நிற்கும். அப்படியானால் நீங்கள் வாங்கியது பச்சை நிறச் சர்க்கரை. மாட்சா டின்னின் பட்டியலில் ஒரே ஒரு சொல்தான் இருக்கலாம்.

கேள்வி: என் மகளுக்கு ஹீமோகுளோபின் குறைவு. காலை உணவில் மாட்சா சேர்த்தால் புரதம், நார்ச்சத்து, ஆன்டிஆக்ஸிடன்ட் எல்லாம் கிடைக்கும் என்று விளம்பரத்தில் பார்த்தேன். கேழ்வரகுக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாமா?
– ஒரு தாய், சேலம்

பதில்: தயவுசெய்து வேண்டாம். இந்த வாரம் வந்த கேள்விகளில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான்.

தேயிலையில் இருக்கும் டானின்கள், தானியத்திலும் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குடலால் அதை உறிஞ்ச முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கீழ் ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி குடிக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். மாட்சாவில் வடிகட்டிய சாறு மட்டுமல்ல, முழு இலையுமே வயிற்றுக்குள் போகிறது. இரும்புக்காகக் கொடுக்கும் கஞ்சியிலேயே அதைக் கலப்பது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது போல. கேழ்வரகுக் கஞ்சியோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டுகளோ கொடுங்கள். வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்க உதவும். டாக்டர் எழுதிய இரும்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

விளம்பரத்தின் புரதக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 100 கிராம் மாட்சாவில் சுமார் 30 கிராம் புரதமும் 38 கிராம் நார்ச்சத்தும் உண்டு, அது உண்மைதான். ஆனால் 100 கிராமை யாரும் தின்பதில்லை. 2 கிராம் போட்டால் புரதம் அரைக் கிராமைச் சற்றுத் தாண்டும், நார்ச்சத்து ஒரு கிராமைக்கூட எட்டாது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. காலை உணவின் சத்து ஓட்ஸிலும் பாலிலும் பழத்திலும் முட்டையிலும் இருக்கிறது. இந்தப் பொடி தருவது மணமும் சுவையும் கொஞ்சம் சுறுசுறுப்பும்தான். அதற்காக ஆசைப்பட்டு வாங்கினால் தவறில்லை, மருந்தென்று நம்பி வாங்கக் கூடாது.

அந்தச் சுறுசுறுப்பு கஃபீனால் வருவது. 2 கிராம் மாட்சாவில் சுமார் 60 மில்லிகிராம் இருக்கும், வகைக்கேற்பக் கூடும் குறையும். மேலே சொன்ன வழிகாட்டி, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. காலையில் ஃபில்டர் காபி, மாலையில் டீ என்று பழகியவர்கள் அவற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் வரம்பு 200. குழந்தைகளுக்கு அதே ஆணையம் உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்கிறது. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு டீஸ்பூன் மாட்சாவே வரம்பைத் தொட்டுவிடும். பள்ளிப் பிள்ளையின் டிபன் டப்பாவுக்கு இது வேண்டியதில்லை. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். முழு இலையில் வைட்டமின் கே இருக்கிறது.

கேள்வி: ஊட்டி கிரீன் டீயை வீட்டிலேயே மிக்ஸியில் அரைத்தால் மாட்சா ஆகிவிடாதா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஆகாது. அந்த இலை வெயிலில் வளர்ந்தது, சுருட்டி உலர்த்தியது. மிக்ஸியின் சூட்டில் மணம் போகும், பொடியும் நறநறக்கும். அதை வெந்நீரில் போட்டு வடிகட்டிக் குடிப்பதே அந்த இலைக்குச் செய்யும் மரியாதை. நிழலில் வளர்க்காத சாதாரணப் பச்சைத் தேயிலையை அரைத்து விற்கும் வழக்கம் ஜப்பானிலும் உண்டு. அங்கே அதை ‘ஃபுன்மாட்சு-சா’ என்று தனிப் பெயரில், குறைந்த விலையில் விற்கிறார்கள். பான்கேக் சுட அது போதும். அதையே மாட்சா என்று எழுதி விற்றால்தான் தவறு.

கேள்வி: தோசை மாவில் மாட்சா கலந்தேன். வீடியோவில் கிளிப்பச்சையாக வந்தது, எனக்குச் சாணி நிறத்தில் வந்தது. பொடி மட்டமா?
– வாசகி, மதுரை

பதில்: பொடியைக் குறை சொல்ல வேண்டாம். பச்சையத்துக்குப் புளிப்பும் சூடும் சேர்ந்தால் ஆகாது. இரண்டும் ஒன்றாகும்போது பச்சையத்தின் நடுவிலிருக்கும் மக்னீசியம் கழன்றுவிடும், நிறம் பழுப்புப் பச்சையாகும். புளிச்சாறில் கீரை கறுப்பது போலத்தான். புளித்த மாவு, சூடான கல், இரண்டும் உங்கள் அடுப்பில் இருந்தன.

சூடு படாத காலை உணவுக்குத்தான் மாட்சா பொருந்தும். எங்கள் வீட்டில் செய்வது இது: 40 கிராம் ரோல்டு ஓட்ஸை அரை டம்ளர் பாலில் இரவே ஊறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவோம். காலையில் அரை டீஸ்பூன் மாட்சாவை டீ வடிகட்டியில் சலித்து, இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான நீரில் கட்டியில்லாமல் குழைத்து ஊற்றிக் கலக்கி, நறுக்கிய வாழைப்பழமும் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையும் போட்டால் முடிந்தது. சலிக்காமல் போட்டால் திட்டுத்திட்டாகக் கசக்கும். கொதிக்கிற நீரை நேராக ஊற்றினாலும் கசப்பு ஏறும், இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். பான்கேக் வேண்டுமென்றால் மிகச் சிறு தீயில், மூடி வைத்து, சிவக்கவிடாமல் எடுக்க வேண்டும்.

பிரித்த டின்னை ஓரிரு மாதத்தில் தீர்த்துவிடுங்கள். வெளிச்சமும் காற்றும் படாமல் இறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஆனால் வெளியே எடுத்தவுடன் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் உள்ளே ஈரம் கோக்காது. பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்த ஒரு டின் முழுவதையும் நான் கொட்டியிருக்கிறேன். இந்தப் பொடி எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய டின்னைத் திறந்தால் கடுகுப்பொடி போல மஞ்சளாக இருக்கிறது. உணவுப் பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், சென்னை

பதில்: டின்னைத் தூக்கிப் போடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் பொடியையும் லேபிளின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுங்கள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், விளைந்த நாடு, தேதி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் உங்கள் புகாருக்கு அது தனியாக ஒரு பலம்.

பிறகு அந்தத் தளத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் காட்டியதற்கு மாறான பொருளையோ குறையுள்ள பொருளையோ திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் விற்பவருக்கு இருக்கும் கடமை. ‘எங்கள் கொள்கை’ என்ற பதில் அதற்கு மேல் நிற்காது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் கூப்பிடுங்கள். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆர்டர் ரசீதையும் விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் இன்றே எடுத்து வையுங்கள், நாளைக்கு அந்தப் பக்கத்தில் படம் மாறியிருக்கலாம்.