இரண்டு அடுக்கு உள்வினவலில் விடை ஏன் காலியாக வருகிறது?

சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றின் அலுவலக நிரலில், ஒவ்வொரு பிரிவும் கடைசியாகக் குலை எடை போட்ட விவரத்தைக் கேட்டால், மழையால் நேற்று வெட்டு நடக்காத பிரிவுகளுக்கு மட்டும் கட்டம் காலியாக வருவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். தரவில் குறையில்லை, நிரலில் எழுதியதைத் தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லாக மாற்றும் உங்கள் வினவல் நூலகம் உருவாக்கும் வரியை அச்சிட்டுப் பாருங்கள்.

வெளி வினவல் பிரிவுகளைப் பட்டியலிட, அதனுள் நடு அடுக்கு எடைச்சீட்டைத் தேட, அதற்குள்ளிருக்கும் உள்ளடுக்கு (உள்வினவல்) கடைசித் தேதியைக் கண்டுபிடிக்கிறது. நடு அடுக்கின் எடைச்சீட்டு அட்டவணைக்கும் உள்ளடுக்கின் அதே அட்டவணைக்கும் நூலகம் யூ0 என்ற ஒரே மாற்றுப்பெயரைச் சூட்டியிருக்கும். எஸ்கியூஎல் எப்போதும் மிக அருகிலுள்ள பெயரையே எடுத்துக்கொள்வதால், 'யூ0.பிரிவு = யூ0.பிரிவு' என்ற நிபந்தனை தன்னையே தன்னோடு ஒப்பிட்டு உண்மையாகிவிடுகிறது. உள்வினவல் அந்தந்தப் பிரிவின் கடைசித் தேதியை விட்டுவிட்டுத் தோட்டம் முழுமைக்குமான கடைசித் தேதியைத் தருகிறது. அந்தத் தேதியில் சீட்டே இல்லாத பிரிவுகளுக்குக் கட்டம் காலியாகிறது. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் விஷயம்.

ஆழம் கூடும்போதெல்லாம் மாற்றுப்பெயரின் முன்னெழுத்தை மாற்றுவதே திருத்தம். பைத்தான் மொழியின் வலைச்சட்டகமான ஜாங்கோவும் டி, யூ, வி என்றுதான் நகர்கிறது. ஆனால் உள்ளடுக்கின் பெயர்களை, அதற்குச் சொந்தமானவற்றை மட்டும், முதலில் மாற்றிவிட்டு, அதன் பிறகே வெளி வினவலைச் சுட்டும் நெடுவரிசைகளைத் தீர்மானிக்க வேண்டும். இல்லையேல் வெளிச்சுட்டும் சேர்ந்து மாறி அதே பிழை திரும்பும். சோதனைத் தரவில் வெவ்வேறு நாள்களில் எடை போட்ட இரண்டு பிரிவுகளாவது இருக்கட்டும். ஒரே பிரிவை வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை அகப்படாது.