விஸ்கியும் கொன்யாக்கும் ஒன்றா?

கேள்வி: கல்யாண விருந்தில் இரண்டு போத்தல், நிறம் ஒன்று, விலை வேறு. விஸ்கிக்கும் கொன்யாக்குக்கும் என்ன வித்தியாசம்? (தோட்டத்து வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: மூலப்பொருளே வேறு. விஸ்கி தானியச் சரக்கு: முளைகட்டிய பார்லி, சோளம், கோதுமை. கொன்யாக், வெள்ளைத் திராட்சை ஒயினைச் செம்புக் கொப்பரையில் இருமுறை காய்ச்சிய பிராந்தி. பிரான்சின் கொன்யாக் வட்டாரத்தில் செய்தால்தான் அந்தப் பெயர். ஓக் மரப் பீப்பாயில் ஸ்காட்ச் (ஸ்காட்லாந்து) விஸ்கி குறைந்தது 3 ஆண்டு, கொன்யாக் 2 ஆண்டு கிடக்க வேண்டும். போத்தலில் ‘விஎஸ்ஓபி’ என்றிருந்தால் அந்தக் கொன்யாக் குறைந்தது 4 ஆண்டு, ‘எக்ஸ்ஓ’ என்றிருந்தால் 10 ஆண்டு. நிறத்தை நம்பாதீர்கள், ஸ்காட்ச், கொன்யாக் இரண்டிலும் கேரமல் சேர்க்கலாம். போத்தலில் அடைத்தபின் வயது ஏறாது. அலமாரியில் பூட்டிவைப்பது வீண். படுக்கவைத்தால் கார்க் அரித்துப்போகும், நிமிர்த்தி வையுங்கள். பிராந்தி ‘மென்மையானது’ என்பதெல்லாம் வெறும் பேச்சு: ஸ்காட்ச், கொன்யாக் இரண்டிலும் குறைந்தது 40 விழுக்காடு மதுசாரம்.