‘வளர்ச்சி ஜீன்’ சான்றிதழுக்காக இரட்டை விலை கொடுக்கலாமா?

கேள்வி: ஆறு தாய்ப் பன்றிகளுடன் வெண்பன்றிப் பண்ணை நடத்துகிறேன். இனவிருத்திக்கு ஆண் பன்றி தேடுகிறேன். ‘வளர்ச்சி ஜீனும் இறைச்சித் தர ஜீனும் உண்டு’ என்று ஆய்வகச் சான்றிதழைக் காட்டி ஒரு தரகர் இரட்டை விலை கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: ‘வளர்ச்சி ஜீன்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள். அப்படி ஒற்றை ஜீன் கிடையாது. 1994-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டுப்பன்றியையும் லார்ஜ் ஒயிட் என்ற வெண்பன்றி இனத்தையும் கலந்து, பேரக்குட்டிகளைச் சோதித்து, 4-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி வளர்ச்சியையும் கொழுப்பையும் பாதிப்பதாகக் கண்டார்கள். அந்தப் பகுதிக்குள் பல ஜீன்கள் உண்டு. பிறகு மற்றக் குரோமோசோம்களிலும் இத்தகைய பகுதிகள் ஏராளமாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றின் பங்கு சிறியது. ஒரு கலப்பில் வேலை செய்த ஜீன் அடையாளம் உங்கள் மந்தையிலும் பலிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

இறைச்சித் தரத்துக்குப் பணம் கொடுத்துப் பார்க்கத் தகுந்த சோதனை ஹாலோதேன் ஜீன். தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று என இதன் கெட்ட பிரதி இரண்டும் சேர்ந்த பன்றி, வண்டியில் ஏற்றும்போதே அதிர்ச்சியில் சாகலாம். பிழைத்து வெட்டப்பட்டாலும் இறைச்சி வெளிறி, தளர்ந்து, நீர் விடும். பியட்ரெய்ன், லேண்ட்ரேஸ் இனக் கலப்பில் இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. சான்றிதழில் ‘NN’ என்று இரண்டும் பெரிய எழுத்தில் இருந்தால் இரண்டு பிரதியும் நல்லவை; சிறிய ‘n’ கெட்ட பிரதி. அதன் குட்டிகளுக்கு இந்த நோய் வராது. ஆனால் தரகர்கள் பெரும்பாலும் நீட்டுவது விற்கும் பன்றியுடையதை அல்ல, அதன் தகப்பனுடைய சான்றிதழை. தாயிடமிருந்து கெட்ட பிரதி ஒன்று வந்திருந்தால் அதில் தெரியாது. காது அடையாள எண், மாதிரி எடுத்த தேதி, ஜீனின் பெயர் மூன்றும் இல்லாத தாள் வெறும் தாள்தான்.

ஐஜிஎஃப்-2 என்ற ஜீன் தனிக் கதை. 2003-ல் உறுதியான இதன் நல்ல வடிவம் தசையைச் சுமார் 3-4 சதவீதம் கூட்டும், முதுகுக் கொழுப்பைக் குறைக்கும். ஆனால் குட்டியின் தசையில் தகப்பன் கொடுத்த பிரதி மட்டுமே வேலை செய்யும். ஆண் பன்றியிடம் நல்ல பிரதி இரண்டு இருந்தால் எல்லாக் குட்டிகளுக்கும் பலன். ஒன்று இருந்தால் ஏறத்தாழ பாதிக்கு. இதே சான்றிதழோடு பெண் பன்றியை விற்றால், நீங்கள் கறிக்கு வளர்க்கும் அதன் குட்டிகளில் அந்தப் பிரதியால் பலன் இல்லை. அந்தப் பெண் ஈன்ற ஆண் குட்டியை இனவிருத்திக்கு வைத்தால்தான், அடுத்த தலைமுறையில் அது வெளிப்படும். இதை மறைத்துப் பெண் குட்டிகளுக்கும் அதே விலை கேட்பவர்களிடம் கவனமாக இருங்கள். கொழுப்புக் குறைய பல தலைமுறை தேர்ந்தெடுத்த மேலை இனங்களில் இந்த வடிவம் ஏற்கெனவே பரவலாக இருக்கிறது. அங்கே இதற்கென்று தனி விலை எதற்கு?

வளர்ச்சிக்குத் தராசை நம்புங்கள். ஒரே கொட்டகையில், ஒரே தீவனத்தில் வளர்ந்த சம வயதுப் பன்றிகளில், 30 கிலோவிலிருந்து 90 கிலோவுக்கு எத்தனை நாளில் வந்தது என்ற பதிவைக் கேளுங்கள். அடர்தீவனத்தில் வளர்ந்ததை ஓட்டல் கழிவில் வளர்ந்ததோடு ஒப்பிட்டுக் காட்டுவது பழைய தந்திரம்.

நல்ல இறைச்சிக்கு நம் சந்தையில் கூடுதல் காசு இல்லை என்பதுதான் எரிச்சல். எல்லாம் உயிர் எடைக் கணக்கு. வெட்டி 45 நிமிடத்தில் இறைச்சியின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 6-க்குக் கீழே போனால், மேலே சொன்ன வெளிறி நீர் விடும் கோளாறு என்று சந்தேகிக்கலாம். அளக்க ஒரு சிறு கருவி போதும், அளப்பவர்தான் இல்லை. அளந்து தரம் பிரித்தால் இந்தத் தாள் வியாபாரம் தானாக ஒடுங்கும்.

பேரம் முடிக்கும் முன், உங்கள் கண்ணெதிரே அந்தப் பன்றியின் 20-30 ரோமங்களை வேரோடு பிடுங்கச் சொல்லுங்கள். காகித உறையில் போட்டுக் காது எண்ணை எழுதி, ஆய்வகத்துக்கு நீங்களே அனுப்புங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் கோர்த்து மாதிரி கெடும். முடிவு வரும்வரை முன்பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ரோமம் பிடுங்க மறுத்தால் முன்பணமும் வேண்டாம்.